ஒடுக்கினால் உப்பும் கரி

தம்பி பேசியதைப் பொய் என்று சொன்னால் பொய்க்குக் கோபம் வரும். பொய்க்கென்று ஒரு கூச்சம் உண்டு, ஓர் அளவு உண்டு. தம்பிக்கு இரண்டும் கிடையாது. கப்பல் அடிப்பாகத்துக்குத் துருப்பிடிக்காத பூச்சு செய்யும் ஒரு பெயிண்ட் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி, எங்கேயோ கேள்விப்பட்டு, போன் செய்து, "உங்ககிட்ட கிராஃபீன் கிடைக்குமா?" என்று கேட்டார். தம்பி காலை ஆட்டிக்கொண்டே, "மாசம் எத்தனை மூட்டை சார் வேணும்?" என்றான்.

அப்போது அவன் அக்கா, இரண்டு முழ தூரத்தில், வாரம் முழுக்கப் பாடுபட்டு எடுத்த கிராஃபீனைக் கண்ணாடிக் குப்பிக்குள் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தேக்கரண்டி இருக்கும். தட்டிய தட்டில் அதிலும் கால்வாசி பறந்து அவள் மூக்குத்தியில் உட்கார்ந்துகொண்டது.

அவள் ரசாயனத்தில் பெரிய படிப்புப் படித்தவள். படிப்பை யார் பார்க்கிறார்கள்? காது மடலிலோ முழங்கையிலோ எப்போதும் ஒரு கறுப்புத் தீற்றல் இருக்கும், அதைத்தான் பார்ப்பார்கள். தெருவுக்கே அவள் கரியக்கா.

"மூட்டையா? டேய், நம்மகிட்ட மூட்டை தைக்கிற ஊசி கூட இல்லையேடா!"

"ஊசி கடையில கிடைக்கும்க்கா. ஆர்டர் கிடைக்காது. அவரு நேர்லயே வந்து ஃபேக்டரியைப் பாக்குறேன்னுட்டாரு."

கரியக்கா ஃபேக்டரியைச் சுற்றிப் பார்த்தாள். தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதில் குழந்தைகளைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் தொட்டிகள், சேற்றைச் சுழற்றி நீர் பிரிப்பதற்காக வாங்கிய பழைய வாஷிங் மெஷின், பீங்கான்காரர் ஒருவர் கடையை மூடியபோது கைமாறி வந்த மின்சூளை. அந்த வாஷிங் மெஷின் மூடியில் "மென்மையான துணிகள்" என்ற நிலையில்தான் எப்போதும் முள் நிற்கும். இதைப் பார்க்கத்தான் ஒரு மனிதர் கோட்டு மாட்டிக்கொண்டு வரப்போகிறார்.

கொட்டகை அவளுடையதா என்றால், அதுவும் இல்லை. அது நாத்தனாருடையது.

கணவரின் மூத்த சகோதரியான அந்த நாத்தனார் சுவருக்கு அந்தப்பக்கம் தலையணை ஆலை வைத்திருந்தார். பஞ்சு, இறகு, நார் என்று எதை அடைத்தாலும் அவர் தலையணை கல்லு மாதிரி நிமிர்ந்து நிற்கும், அவரும் அப்படித்தான். கரியக்காவின் கணவர் அங்கே துணி வெட்டும் மாஸ்டர். பகலில் அக்காவிடமும் மற்ற நேரத்தில் மனைவியிடமுமாக, மத்தளத்துக்கு இருபுறமும் அடி என்பதை அவர் குறை சொல்லாமல் வாங்கிப் பழகியிருந்தார். ஒரு காலத்தில் பஞ்சுக் கிடங்காக இருந்த கொட்டகையை அவர் பொருட்டுத்தான் நாத்தனார் விட்டுக்கொடுத்திருந்தார். பெயிண்ட்காரர் வரப்போகும் செய்தி கேட்டதும் நாத்தனார் சுவரோரம் வந்து நின்று தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"ஏம்மா, நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன். அந்த ஆளு வந்து பாத்து சரின்னா, கொட்டகை உன்னோடது, நான் அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன். இல்லைன்னா வெள்ளைப் பஞ்சு உள்ள வரும், உன் கறுப்புப் பஞ்சு வெளிய போகும். நீயும் சும்மா இருக்க வேண்டாம். நம்ம ஆலையிலயே தலையணை எண்ணுற வேலை இருக்கு."

"அண்ணி, இது பஞ்சு இல்ல. ஒடுக்கின கிராஃபீன் ஆக்சைடு."

"ஒடுக்குறதா? அதை நான் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டு நாத்தனார் போய்விட்டார்.

தலையணை எண்ணுவது ஒன்றும் இழிவான வேலை இல்லை. ஆனால் கந்தக அமில டிரம்மோடு வாடகைக்கு இடம் கேட்டுப் போனால், வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்துவதில்லை. கதவை விட்டுவிட்டு அவர்களே ஓடிவிடுகிறார்கள். கரியக்காவுக்கு உலகத்தில் இந்த ஒரு கூரைதான். இது போனால் ஒன்று, இரண்டு, மூன்று என்று தலையணைதான்.

அவள் செய்வது என்னவென்றால், கேட்பதற்கு எளிது. பென்சிலுக்குள் இருக்கிறதே கிராஃபைட், அது கோடிக்கணக்கான தாள்கள் ஒட்டிக்கொண்ட அட்டைக்கட்டு; அதில் ஒற்றைத் தாள்தான் கிராஃபீன். அதைப் பனிக்கட்டிக்கு நடுவே அமிலத்தில் ஊறவைத்து, ஊதாநிறப் பெர்மாங்கனேட்டைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால், தாள்களுக்கு நடுவே ஆக்சிஜன் புகுந்து ஒன்றை ஒன்று விலக்கும். அவசரப்பட்டு அள்ளிப் போட்டால் கொட்டகையையே விலக்கும். கிடைத்த பழுப்புச் சேற்றைக் கழுவ வேண்டும். கழுவக் கழுவ அது களியாக ஊதும், வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். வந்த விருந்தாளி போகாமல் உட்கார்ந்திருப்பது மாதிரி அமிலமும் கடைசிவரை உள்ளேயே உட்கார்ந்திருக்கும். எல்லாம் முடிந்ததும், இவ்வளவு பாடுபட்டு உள்ளே புகுத்திய ஆக்சிஜனைத் திரும்ப வெளியே விரட்ட வேண்டும். அதற்குத்தான் ஒடுக்குவது என்று பெயர். ஒரு கரண்டிக்கு இதெல்லாம் விளையாட்டு. மூட்டைக்கு?

விரட்ட அவளுக்கு மூன்று வழி தெரியும். ஒன்று, ஹைட்ரசின் என்ற விஷத் திரவம்; பக்கத்தில் நாள் முழுக்க மனிதர்கள் மூச்சுவிடுகிற ஆலை இருப்பதால் அதன் பெயரைச் சொல்லவே அவள் கூசினாள். இரண்டு, வைட்டமின் சி. மெதுவாக, மரியாதையாக, கையைப் பிடித்து ஆக்சிஜனை வாசல்வரை கொண்டுவிடும். மூன்று, சூடு. உலர்ந்த பழுப்புத் தாளைச் சூளையில் காட்டினால் கண்மூடித் திறப்பதற்குள் ஆக்சிஜன் கழுத்தைப் பிடித்துத் தள்ளியதுபோல வெளியேறும், தாள் தும்மி, கறுப்பாகி, நூறு மடங்கு உப்பும். ஒடுக்கினால் உப்புகிற பொருள் உலகத்தில் அது ஒன்றுதான், அந்த வீட்டு மருமகளைத் தவிர.

அவள் மரியாதையான வழியைத் தேர்ந்தாள்.

"கரண்டிச் சேத்துக்கு ஒரு மாத்திரை பொடிச்சுப் போட்டேன், நல்லா வேலை செஞ்சுது. தொட்டிக்கு எவ்வளவு வேணும்னு இதோ எழுதியிருக்கேன். மொத்தமா பவுடரா கிடைக்குதான்னு விசாரி" என்று தம்பியிடம் சொன்னாள்.

தம்பி விசாரிக்கவில்லை. மருந்துக்கடைக்குப் போனான்.

"வீட்ல யாருக்குத் தம்பி உடம்பு சரியில்ல?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"யாருக்கும் இல்ல. ஒரு தொட்டிக்கு."

கடைக்காரர் அதற்குமேல் கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் வினையாயிற்று. ஒருவன் கடை கடையாக ஏறி வைட்டமின் சியை மட்டும் வழித்துக்கொண்டு போகிறான் என்றால் சும்மாவா? ஏதோ நோய் வரப்போகிறது, அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது, மறைக்கிறார்கள் என்று மாலைக்குள் ஊர் பேசியது. மறுநாள் காலையில் கடை திறக்குமுன்பே வரிசை. எலுமிச்சம்பழம் காணாமல் போனது. நாத்தனார்கூட ஆளனுப்பி இரண்டு அட்டை வாங்கி, சேலை முந்தியில் முடிந்துவைத்துக்கொண்டார். அந்த வருடம் அந்த ஊரில் யாருக்கும் ஜலதோஷமே பிடிக்கவில்லை என்பதை இன்றுவரை யாரும் கிராஃபீனின் கணக்கில் எழுதவில்லை.

தம்பி கொண்டுவந்ததைப் பிரித்துக் கொட்டவே ஒரு பகல் போனது. கணவர், தம்பி, கரியக்கா மூவரும் தரையில் உட்கார்ந்து கட்டைவிரல் தேய உடைத்தார்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தொட்டியில் கவிழ்த்த பெருமையையும் தம்பியே எடுத்துக்கொண்டான். கவிழ்த்த பிறகுதான் கரியக்கா ஓர் உறையைக் கையில் எடுத்துப் படித்தாள்.

"டேய். இது தண்ணியில போட்டா பொங்குற மாத்திரைடா."

"ஆமாக்கா. அது பெருசா இருந்துச்சு. சின்ன மாத்திரையைவிட சீக்கிரமா வேலை செய்யும்னு..."

தொட்டி முதலில் ஒரு முனகல் முனகியது. பிறகு எழுந்து நின்றது. பழுப்பு நுரை ஆரஞ்சுப்பழ வாசனையோடு தொட்டியைத் தாண்டி, வாஷிங் மெஷினைச் சுற்றிக்கொண்டு, கதவின் அடியில் குனிந்து, தெருவுக்குப் போய்விட்டது. எதிர்வீட்டுக்காரர் அது ஏதோ கம்பெனி விளம்பரம் என்று நினைத்துத் தன் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டார். அதன்பிறகு அந்த ஸ்கூட்டர் துருப்பிடித்ததே இல்லை என்று அவர் சொல்வார். அவர் தம்பிக்கு நண்பர் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பாதிச் சேறு சாக்கடைக்குப் போனது. மீதிச் சேற்றில் சர்க்கரை, சாயம், சோடா என்று எல்லாம் கலந்திருந்தது. கரியக்கா அழவில்லை. வாஷிங் மெஷினில் போட்டு முதலிலிருந்து கழுவ ஆரம்பித்தாள். மாத்திரையில் பெரும்பகுதி நுரையோடு தெருவுக்குப் போய்விட்டதால், சேறு இன்னும் பழுப்பாகவே இருந்தது, ஒடுங்கவில்லை. இனி மரியாதைக்கு நேரமில்லை. சூடுதான். சேற்றை பிளாஸ்டிக் விரிப்புகளில் மெல்லப் பூசி, மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, பழுப்புத் தாள்களாக உரித்து, தரை முழுக்கத் தள்ளித் தள்ளிப் பரப்பிவைத்தாள். அதிகாரி வரும்போது ஒவ்வொரு தாளாகச் சூளைக்குள் விட்டுக் காட்டுவது, இதை நிறையப் பேர் நிறையச் சூளை வைத்துச் செய்தால் நிறைய வரும் என்று எடுத்துச் சொல்வது. இதுதான் திட்டம். இதைவிட மெலிந்த திட்டத்தை அவளும் பார்த்ததில்லை.

அதிகாரி சாப்பாட்டு வேளையில் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைக்குட்டை, சட்டைப்பையில் மின்சாரம் சோதிக்கிற சின்னக் கருவி. எதையும் நம்பாத முகம். பக்கத்து ஆலையில் வேலைக்காரர்கள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நாத்தனார் துணி எடுக்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். கணவர் மட்டும் தலையணைக் குவியலில் சாய்ந்து டிபன் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார்.

கரியக்கா அதிகாரியை வாசலில் எதிர்கொண்டாள். தம்பி கொட்டகைக்குள்ளிருந்து வெளியே வந்தான். தலையில் எங்கேயோ இரவல் வாங்கிய மஞ்சள் ஹெல்மெட்.

"வாங்க சார், வாங்க. ஷிஃப்ட் மாறுற நேரம், அதான் ஆளுங்க இல்ல."

அதிகாரி ஹெல்மெட்டைப் பார்த்தார். பிறகு கரியக்காவைப் பார்த்தார். "உங்க உற்பத்தி முறை என்னம்மா? பெரிய அளவுல பண்றதா சொன்னாரே."

கரியக்கா கணக்குப் போட்டாள். பொய் சொன்னால் இன்றைக்குப் பிழைக்கலாம். முதல் மூட்டை கேட்கும் நாளில் மாட்டிக்கொள்வாள். உண்மை சொன்னால் கொட்டகை இப்போதே போய்விடும். அவள் தலையணைகளை மனதுக்குள் எண்ணத் தொடங்கிவிட்டாள்.

"சார், ஒண்ணு சொல்லிடறேன். இதுவரைக்கும் நாங்க..."

"அக்கா ரொம்ப அடக்கம் சார்" என்று தம்பி புகுந்தான். "உள்ள வந்து பாருங்க. தரையெல்லாம் தாளா கிடந்துச்சு, ஃபேக்டரி மாதிரியே இல்ல. அழகா அடுக்கிவச்சிட்டேன்."

கரியக்கா திரும்பினாள். "எங்கடா அடுக்கின?"

"சூளை மேலதான். சும்மாதானேக்கா கிடந்துச்சு."

சூளை காலையிலிருந்து சூடேறிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தாள் தும்மும்போது தானும் கொஞ்சம் சூட்டை விடும். தனியாகத் தும்மினால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். அடுக்கி வைத்தால் போக வழியில்லை. ஒன்று தும்மினால் பக்கத்தில் இருப்பதற்கும் தொற்றும். அது தும்மினால் அதற்குப் பக்கத்தில் இருப்பதற்கு. அதனால்தான் அவள் தள்ளித் தள்ளிப் பரப்பியிருந்தாள். ஒரு தேக்கரண்டியில் இந்தத் தொற்று தெரியாது. கட்டுக் கட்டாக அடுக்கினால்தான் தெரியும்.

தெரிந்தது.

முதலில் 'புஸ்' என்று ஒரு சின்னச் சத்தம், யாரோ கைக்குட்டைக்குள் தும்மியதுபோல. அடுத்து இன்னொன்று. பிறகு கொட்டகைக்குள் ஒரு கல்யாணக் கூட்டமே ஜலதோஷத்தோடு நுழைந்ததுபோல அடுக்கடுக்காக, விடாமல், ஒரே தும்மல். கரியக்கா அதிகாரியின் சட்டையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தாள். தம்பி யாரும் இழுக்காமலே தெருவில் இருந்தான்.

தீ இல்லை, வெடி இல்லை. ஆனால் கொட்டகை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது. தகரக் கூரை ஒரு விரற்கடை மேலே எழும்பி, யோசித்து, திரும்ப உட்கார்ந்தது. ஜன்னல் வலைகளில் கறுப்பு முட்டிக்கொண்டு நின்றது. கதவிடுக்கில் இருட்டு கசிந்தது. எதிர்வீட்டு மதில்மேல் உட்கார்ந்திருந்த வெள்ளைப் பூனை ஒருமுறை சிலிர்த்தது. அதற்குப்பின் அது கறுப்புப் பூனை. தெருவில் ஏற்கெனவே இருந்த கறுப்புப் பூனை, தன் பிழைப்பில் மண் விழுந்ததென்று அன்றே ஊரைவிட்டுப் போனது. தம்பி யாருக்கோ போன் செய்யப் போனான். பொடி அதன் சார்ஜர் ஓட்டைக்குள் புகுந்து, மின்சாரம் போகக்கூடாத வழியிலெல்லாம் போக, போன் ஒரு பொறியோடு கண்மூடியது. கிராஃபீனால் மனித குலத்துக்குக் கிடைத்த முதல் நன்மை அதுதான்.

கரியக்காவுக்கு ஒரு கணத்தில் இரண்டு விஷயம் புரிந்தது. ஒன்று, தொட்டி தொட்டியாகச் செய்த அத்தனையும் ஒரே மூச்சில் ஒடுங்கிவிட்டது. அவள் வருடக்கணக்கில் கரண்டி கரண்டியாகக் கனவு கண்டது உள்ளே மேகமாக நிற்கிறது. இரண்டு, கூரை இடுக்கு வழியாக அது இப்போதே கிளம்பிக்கொண்டிருக்கிறது. இதை அள்ள முடியாது. துடைப்பம் பட்டால் எழுந்து பறக்கும். மூட்டை கட்ட முடியாது. சாக்கைத் திறந்தால் சாக்குக்கு வெளியேதான் போகும்.

கொட்டகை பஞ்சுக் கிடங்காக இருந்தபோது, பஞ்சை உறிஞ்சித் தலையணைக்குள் அடைக்க, ஆலையிலிருக்கும் ஊதி என்ற இயந்திரத்திலிருந்து ஒரு குழாய் சுவர் வழியாக வந்திருந்தது. அதன் வாய் இன்னும் உள்ளேதான் இருந்தது, தகர மூடி போட்டு.

அவள் ஆலைச் சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏங்க! ஊதியைப் போடுங்க!"

அந்தப்பக்கத்திலிருந்து வாயில் சோற்றோடு குரல் வந்தது. "எந்த ஊதி?"

"உங்க அக்கா ஊதி! இந்தப் பக்கத்துக் குழாயை மாத்திவிட்டுப் போடுங்க!"

"அக்காவைக் கேக்காமலா?"

"கேட்டுட்டு வாங்க. அதுக்குள்ள எல்லாம் பறந்துடும். நாளையிலிருந்து நானும் உங்க ஆலைக்குத்தான் வேலைக்கு வரணும். உங்க மேசைக்கு எதிர் மேசைதான். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் பேசிக்கிட்டே இருக்கலாம்."

வீட்டில் கேட்பதை ஆலையிலும் கேட்கும் ஒரு வாழ்க்கை அவர் கண்முன் விரிந்திருக்க வேண்டும். டிபன் பாத்திரம் தரையில் விழும் ஓசை கேட்டது. அடுத்த கணம் மோட்டார் உறுமியது.

கரியக்கா மூச்சை அடக்கி, கண்ணை மூடிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். திறந்திருந்தாலும் ஒன்றுதான். சூளையின் சுவிட்சைத் தடவி அணைத்தாள். இடது கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு, கால் வைத்த இடமெல்லாம் ஒன்றுமே இல்லாததில் வைத்ததுபோல மெத்தென்று போக, வாஷிங் மெஷின், தொட்டி, தொட்டி, குழாய் என்று தடவிப் போய், தகர மூடியை இழுத்தாள். அது வரவில்லை. காலால் உதைத்தாள். மூடி திறந்ததும் காதருகே காற்று ஊளையிட்டது. இருட்டு அவளைத் தாண்டி, முந்தானையையும் கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டு, குழாய்க்குள் ஓடத் தொடங்கியது.

வெளியே வந்தபோது அவளில் வெள்ளையாக இருந்தது கண்ணும் பல்லும்தான். பல் தெரிந்தது ஏனென்றால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி எதுவும் கேட்காமல் அவள் பின்னால் பக்கத்து ஆலைக்கு ஓடினார். அங்கே கணவர் ஊதியின் மூக்கில் உறை உறையாக மாட்டிக்கொண்டிருந்தார். இறகு கசியக்கூடாதென்று நெருக்கி நெய்த துணி. காற்றை வெளியே விடும், வேறொன்றையும் விடாது. தலையணை உப்பும், இறுகும், தையல் மெஷினில் வாய் மூடும், குவியலில் விழும். வெள்ளை வெளேரென்று தலையணைகள். உள்ளே நள்ளிரவு.

"என்னங்க இது, தலையணையிலயா போடுறீங்க?" என்றார் அதிகாரி.

"வேற எதுல சார் போடுறது?" என்றார் கணவர். அவருக்கு உண்மையாகவே வேறு எதுவும் தெரியாது.

அதிகாரி ஒன்றை எடுத்து நெஞ்சோடு அணைத்து அழுத்தினார். தட்டினார். ஒரு துளிகூட வெளியே வரவில்லை. தையலில் ஒரு விரல் பிரித்து, கருவியின் இரண்டு கம்பியையும் உள்ளே விட்டார். கருவி 'பீ' என்று பாடியது. நன்றாகவே ஒடுங்கியிருக்கிறது, மின்சாரம் தாராளமாக ஓடுகிறது. அவர் முகம் நம்பாமையை விட்டுவிட முடியாமல் தடுமாறியது.

அப்போதுதான் நாத்தனார் வந்தார்.

கையில் துணிக்கட்டு. வாசலில் நின்றபடியே தன் ஆலையைப் பார்த்தார். ஊதியின் மூக்கு கறுப்பு. தரை கறுப்பு. தம்பி சுட்டு முடித்த பீரங்கிபோல வாய் திறந்தபடி ஒரு மூலையில் ஹெல்மெட்டோடு நிற்கிறான், கறுப்பு. தன் உடன்பிறப்பு, கறுப்பு. அவருடைய இறகுத்துணி உறைகளை அணைத்துக்கொண்டு முன்பின் தெரியாத ஒருவர் கொஞ்சிக்கொண்டிருக்கிறார். நாத்தனாரின் மூக்கு விடைத்தது. வாய் திறந்தது. கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி முந்திக்கொண்டார். "அம்மா, நீங்கதான் முதலாளியா? எங்க கிடங்குல இந்தப் பொடி வர்ற நாளைக் கண்டாலே ஆளுங்க லீவு போட்டுடுவாங்க. பையைப் பிரிச்சா பாதி கூரைக்குப் போயிடும், மீதி மூக்குக்குப் போயிடும். இதை அப்படியே கலவைத் தொட்டிக்குள்ள அமுக்கி, தண்ணிக்கு அடியில வச்சுப் பிரிச்சா முடிஞ்சுது. எத்தனை பேர்கிட்ட வாங்கியிருக்கேன், ஒருத்தனுக்கும் தோணலை. இது யாரோட யோசனை?"

நாத்தனாரின் திறந்த வாய் திறந்தபடியே ஒரு மூச்சு நின்றது. பிறகு அதிலிருந்து தேன் வந்தது.

"எங்களோடதுதாங்க. ஆரம்பத்துலேர்ந்தே இப்படித்தான். குடும்பத் தொழில் பாருங்க."

கரியக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பேசினால் பொடி வாய்க்குள் போகும்.

"ஒரு நாளைக்கு எத்தனை தலையணை தர முடியும்?" என்றார் அதிகாரி.

"சார்!" என்று தம்பி மூலையிலிருந்து கிளம்பினான்.

"நீ வாயை மூடு" என்றார்கள் நாத்தனாரும் கரியக்காவும் ஒரே குரலில். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை. இருவருமே கொஞ்சம் திகைத்தார்கள்.

நாத்தனார் கரியக்கா பக்கம் திரும்பினார். "எத்தனைன்னு அவ சொல்லுவா. செய்யுறவ அவதானே."

கரியக்கா இந்த முறை யாரையும் புகவிடவில்லை. "சார், இன்னைக்கு நடந்தது எப்படி நடந்துச்சுன்னு பாதிதான் எனக்குத் தெரியும். நாங்க திட்டம் போட்டு இப்படிப் பண்ணலை. தாளை அடுக்கினது தப்பு. ஆளு உள்ள இருந்திருந்தா பெரிய ஆபத்து. ஆனா ஒரு தாளோட சூட்டை அடுத்த தாளுக்குக் கொடுத்தா சூளையே தேவையில்லைங்கிறது நிஜம். இரும்புக் கூண்டுக்குள்ள, கொஞ்சம் கொஞ்சமா வரிசையா விட்டு, குழாயோட வாய்க்கு நேரா வச்சு, திரும்பத் திரும்பப் பண்ணிப் பாக்கணும். அது சரியா வந்தாத்தான் எத்தனைன்னு சொல்லுவேன். இப்போ சொன்னா அது என் தம்பி சொன்ன கணக்கு."

நாத்தனார் கண்ணாலேயே அவளை அறைந்தார்.

அதிகாரி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். முகம் இன்னும் கறுப்பானது. "உங்க தம்பி மாதிரி கணக்கு சொன்னவங்க எங்க ஃபைல்ல நிறையப் பேர் இருக்காங்கம்மா. ஒருத்தர்கூட இப்படி எனக்கு நேராத் தும்மிக் காட்டலை. சரி. பண்ணுங்க. கூண்டு சரியானதும் கூப்பிடுங்க, மத்ததை அப்ப பேசிக்குவோம். இதுவரைக்கும் அடைச்சது அத்தனையும் நான் எடுத்துக்கிறேன்."

சரி என்ற அந்த ஒரு சொல்லைக் கரியக்கா கேட்டாள். நாத்தனார் கேட்டாரா என்று பார்த்தாள். கேட்டிருந்தார்.

கார் கிளம்பும்போது டிக்கியில் தலையணை, பின் இருக்கையில் தலையணை, முன் இருக்கையில் தலையணை. டிரைவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றே தெரியவில்லை. அதிகாரி நடுவில் புதைந்து, கறுத்த முகத்தோடு, நெடுநாள் தூங்காதவன் படுக்கையைப் பார்த்த மாதிரி சிரித்துக்கொண்டு போனார். வழியில் போலீஸ்காரர் நிறுத்திக் கேட்டதாகவும், "கப்பலுக்குத் தலையணை" என்று அவர் பதில் சொன்னதாகவும், போலீஸ்காரர் சல்யூட் அடித்து அனுப்பியதாகவும் தம்பி சொல்கிறான்.

கார் மறைந்ததும் நாத்தனார் திரும்பினார். கணவர் தலையணை உறைகளை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டார்.

"என் குழாயை எவனைக் கேட்டுத் தொட்டீங்க?"

"நான்தான் அண்ணி தொடச் சொன்னேன்."

"என் துணி எத்தனை பாழாச்சு தெரியுமா? ஊதியைக் கழுவ எத்தனை நாள் ஆகும் தெரியுமா?"

"தெரியும் அண்ணி. நானே கழுவித் தர்றேன். கழுவுறதுதான் எனக்கு நல்லா வரும்."

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தார். பார்ப்பதற்கு அதிகம் இல்லை. எல்லாம் ஒரே நிறம். "நான் சொன்ன சொல் தவறமாட்டேன். அந்த ஆளு சரின்னுட்டான். கொட்டகை உன்னோடது." அடுத்த மூச்சிலேயே, "ஆனா குழாய் என்னோடது. கொட்டகைக்குள்ள இருந்தாலும் என்னோடதுதான். நடுவுல சுவர் இருக்கிறதாலதானே கத்திக் கூப்பிட வேண்டியிருந்துச்சு? சுவரை எடுத்துடலாம்."

கரியக்கா சுவரைத் திரும்பிப் பார்த்தாள். "சுவரையா அண்ணி?"

"ஆமா. எடுத்துட்டா நான் அங்கேயே உக்காந்து பாத்துக்கலாம். அடைக்கிறது எப்படி, தைக்கிறது எப்படின்னு உனக்கு என்ன தெரியும்? எனக்கு அங்க ஒரு நாற்காலி போடு."

கரியக்கா கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். இதுவரை அவர் தனியாக வாங்கிவந்த அடியில் இனிப் பாதி அவளுக்கு என்பது அந்த முகத்தில் தெரிந்தது. நிம்மதியான முகம்.

நாத்தனார் முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, கொட்டகை வாசலில் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். மூலையில் ஒரு கறுப்பு மேகம் இன்னும் குழாயைத் தேடிச் சோம்பலாக நகர்ந்துகொண்டிருந்தது. அதை நெடுநேரம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏம்மா, அடுத்த தடவை எப்போ வெடிக்கும்?"

"வெடிக்காது அண்ணி. வெடிக்காமப் பண்றதுக்குத்தான் கூண்டு."

"வெடிக்கவே வெடிக்காதா?" நாத்தனாரின் முகம் விழுந்துவிட்டது. "நான் அந்த நேரம் பாத்துத்தானா கடைத்தெருவுக்குப் போகணும்? கொஞ்சமாவது, ஒரே ஒரு தாளு?"

கரியக்கா அவரைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அந்த முகத்தில் இப்படி ஓர் ஏக்கத்தை அவள் பார்த்ததில்லை. முகமூடி ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள். பிறகு நாற்காலியைக் கொண்டுவந்து, சூளையிலிருந்து நன்றாகவே தள்ளி, போட்டாள்.